ஒத்திகை அண்ணை கொரியா போன கதை

போகாத ஊர்களைப் பற்றி ஒத்திகை அண்ணை அளவுக்கு அறிந்த மனிதர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. பாரிஸில் எந்த ரயில் நிலையத்தின் மின்படி அடிக்கடி நின்றுபோகும், டொரண்டோவில் எந்தக் கடையில் இடியப்பம் பதினொரு மணிக்கே முடிந்துவிடும், எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களே அவருக்குப் போன் எடுத்து வழி கேட்பதாக எங்கள் தென் லண்டன் டூட்டிங்கில் ஒரு பேச்சு இருந்தது. அவரோ லண்டனுக்கு வந்து சேர்ந்த நாள் முதல் லண்டனைத் தாண்டியதே இல்லை.

அவருடைய தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. தென் லண்டனில் ஸ்டியரிங் பிடித்த தமிழர்களில் பாதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நானும் ஒருவன், கொஞ்சம் அதிகமாகவே வாங்கியவன். உண்மையான சோதனைக்கு முன்னால் அவர் ஒரு ஒத்திகைச் சோதனை வைப்பார். அன்றைக்கு டை கட்டிக்கொண்டு வந்து, ஆறு மாதமாக நம் பக்கத்தில் இருந்த மனிதர், நம்மை முன்பின் தெரியாதவர் போலப் பெயரைக் கேட்பார். சின்னப் பிழை பதினைந்து வரைக்கும் மன்னிப்பு உண்டு. பெரிய பிழை ஒன்று வந்தால் ஃபெயில். பரிசோதகருடன் வாதாடினால் அவருடைய காரில் மறுபடி ஏற முடியாது.

இந்தப் பழக்கம் காரோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பே மண்டபம் எடுத்து, மணவறை போட்டு, முழுக் கலியாணத்துக்கும் ஒத்திகை வைத்தார். மந்திரம் சொல்லித் தாலியும் கட்டினால் அது ஒத்திகை இல்லை, கலியாணமேதான் என்று ஐயர் மன்றாடிய பிறகு, மந்திரம் நின்றது, தாலிக்குப் பதிலாக ஒரு சப்பாத்து நாடா வந்தது. மாப்பிள்ளை பயபக்தியுடன் நாடா கட்டும் வீடியோவை இன்றைக்கும் நாங்கள் போட்டுப் பார்ப்பதுண்டு.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அவருடைய மனைவி பவளக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வீட்டுக்கு வந்தால் கொரிய நாடகம். ஒரு கையில் வெங்காயம், மறு கையில் கத்தி, கண் முழுதும் போனில். அவர் அழுவது வெங்காயத்துக்கா, கதாநாயகிக்கா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு ஊர் பார்க்க ஆசை. அண்ணையும் ஆசையாகத்தான் திட்டம் போடுவார். ஆனால் பாரிஸ் பயணம், கனடாப் பயணம், சுவிஸ் பயணம் மூன்றும் ஒத்திகையில் ஃபெயிலாகி, வீட்டு வாசலைத் தாண்டாமலே முடிந்துபோயின. பாரிஸுக்கு ஒத்திகை பார்க்கும்போது அக்கா பாஸ்போட்டை மற்றக் கைப்பையில் வைத்திருந்தாராம். அது பெரிய பிழையாம்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, அக்கா அவர்களைப் பார்க்காமல் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு நகையும் வேண்டாம், சீலையும் வேண்டாம். ஒரு கிழமை சியோலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்தமுறையும் ஃபெயில் எண்டால் இனி நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கமாட்டன்."

அண்ணை அன்றைக்கே திட்டம் எழுத ஒரு பெரிய கொப்பி வாங்கினார். ஏழு நாளையும் கால் மணித் துண்டுகளாக நறுக்கினார். அரண்மனை, பழைய சந்தை, மலை, பொதுக் குளியல், கொரியச் சட்டை போட்டுப் படம் பிடித்தல், அடுப்பு வைத்த மேசையில் இறைச்சி வாட்டிச் சாப்பிடுதல். "பத்தேகால் முதல் பத்தரை வரை: அரண்மனையைப் பார்த்து வியத்தல்" என்று ஒரு வரி இருந்தது. பத்தரைக்குப் பிறகும் வியப்பு மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வியப்புக்குக் கால் மணி தாராளம் என்றார்.

செப்டம்பரில் ஒத்திகை தொடங்கியது. லண்டனின் நியூ மால்டன் பகுதியில் கொரியர்கள் கூடி வாழ்வதால் அதுதான் சியோல் என்று முடிவாகி, ஒரு கிழமை முழுதும் தினமும் அங்கே போவதென்று ஏற்பாடு. என்னைப் பரிசோதகராக நியமித்தார். நான் காரின் பின் சீட்டில் படிவத்துடன் உட்கார்ந்து பிழைகளைக் குறிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை மூன்று முறை ஃபெயிலாக்கிய மனிதருக்குப் பிழை போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதல் நாள், இரும்புக் குச்சிகளால் சாப்பிடுவது. வீட்டில் ஒரு மாதம் அவித்த கடலை பொறுக்கிப் பழகியிருந்தார். கடையில் கடலை இல்லை, வழுக்கும் நூடில்ஸ்தான் வந்தது. அதையும் கடலை போல ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இரண்டாம் நாள், தரையில் உட்கார்ந்து சாப்பிடும் கடை. கோயிலில் பூசை முடியும்வரை சப்பாணி கட்டி இருக்கிற ஆள்தானே என்று நாங்கள் கவலைப்படவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழும்ப ஏலாமல் போய்விட்டது. நானும் பரிமாறிய பெண்ணும் ஆளுக்கொரு கையாகத் தூக்கினோம். ஒரு சின்னப் பிழை.

அந்தப் பெண்தான், சிவப்பாக ஒரு கறியைக் கொண்டுவந்து வைக்கும்போது, உறைப்பு, கவனம் என்று எச்சரித்தவர். அண்ணை ஒரு வாய் எடுத்துவிட்டு, பாவம் என்பதுபோல அவரைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளை எடுத்துத் தூவினார். அந்தப் பெண் ஒரு கரண்டி ருசி பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது அந்தத் தூள் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

மூன்றாம் நாள் பொதுக் குளியல். அங்கே உடுப்பு எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டுமாம். அதற்கும் ஒத்திகை வேண்டும் என்று அண்ணை என்னைப் பார்த்தார். பரிசோதகருக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் வரைக்கும் பதினொரு சின்னப் பிழைகள். பெரிய பிழை ஒன்றுமில்லை. அக்காவின் முகத்தில் மெதுவாக ஒரு நம்பிக்கை வந்திருந்தது. மேசை அடுப்பில் இறைச்சி சீறிக்கொண்டிருக்க, நான் படிவத்தின் மேல் பகுதியை நிரப்புவோம் என்று அண்ணையின் கையிலிருந்து டிக்கெட்டை வாங்கி, பயணத் திகதியைச் சத்தமாக வாசித்தேன். அதுவரை எங்கள் யாருக்கும் கிளம்பும் நாள் என்ன கிழமை என்று மட்டும்தான் தெரியும், திகதி அண்ணையின் ரகசியம். அக்கா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அது கந்தசட்டி," என்றார்.

அண்ணை பஞ்சாங்கம் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தார். ஆனால் விமானம் கிளம்பும் நேரம் ராகு காலமா என்று மட்டும் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கட்டத்தில் ஆறு நாள் விரதம் கொட்டை எழுத்தில் இருந்தது கண்ணில் படவில்லை. அக்கா ஒரு வருடமும் விடாமல் கந்தசஷ்டி பிடிப்பவர், ஆறு நாளும் பாலும் பழமும்தான். கொரியச் சாப்பாட்டை அனுபவிக்க ஒரு கிழமை தேடிய அண்ணை, வருடத்தில் உள்ள ஐம்பத்திரண்டு கிழமையிலும் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவர் கொப்பியை மூடினார். "இது பெரிய பிழை," என்றார். "ஃபெயில்."

"விரதம் என்ர. அதை நீங்கள் எப்பிடிப் பிழை எண்டு சொல்லுவியள்?" என்று அக்கா கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, இந்த மனுசன் லண்டனுக்குக் களவா ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனை நம்பி ஊரைவிட்டு வெளிக்கிட்டு எட்டு மாசம் ஒரு தகவலும் இல்லை. எந்த நாட்டில நிக்கிறன் எண்டு அவருக்கே தெரியாது. லொறிக்குள்ள, காட்டுக்குள்ள. அப்ப ஊரில தொடங்கின விரதம் இது. உயிரோட வந்து சேரவேணும் எண்டு பிடிச்சனான். அண்டைக்குப் பட்டதுக்குத்தான் இவர் இண்டைக்கும் தெரியாத இடத்துக்குக் காலடி வைக்கமாட்டார். எனக்கு எல்லாம் தெரியும். அதாலதான் மூண்டு தரமும் பேசாமல் இருந்தனான்."

இறைச்சி கருகிக்கொண்டிருந்தது, யாரும் திருப்பவில்லை. இத்தனை வருடமாக நான் பகிடி பண்ணிய கொப்பிகளும் கால் மணிகளும் எனக்கு அப்போதுதான் விளங்கின. வெட்கமாக இருந்தது.

அக்கா அண்ணையைப் பார்த்துச் சொன்னார். "ஆறு நாளும் நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஏழாம் நாள் காலமை விரதம் முடிச்சுப் பாறணை. அண்டைக்கு நான் ஆசைப்பட்ட சாப்பாடு எல்லாம் மேசையில இருக்கவேணும். தம்பி, நீர் எழுதும்."

நான் படிவத்தில் பன்னிரண்டாவது சின்னப் பிழை என்று போட்டு, கீழே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, இது ஒழுங்கில்லை, சட்டம் சட்டம்தான் என்று தொடங்கினார்.

"அண்ணை, பரிசோதகரோட வாதாடக் கூடாது," என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதன் முழுப் பலனையும் அன்றைக்குத்தான் அடைந்தேன்.

போனார்கள். விமான நிலையத்தில் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூக்கு மேடைக்குப் போகிறவர் போலத்தான் அண்ணை உள்ளே போனார். ஆறு நாள் ஒரு செய்தியும் இல்லை. ஏழாம் நாள், நான் காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணையிடமிருந்து போன் வந்தது. அங்கே பின்னேரம். பின்னால் சந்தைச் சத்தம். பாறணை எப்படி என்று கேட்டேன். விடியற்காலமை தொடங்கினது இன்னும் முடியவில்லை, அக்கா இப்போது ஏழாவது கடையில் நிற்கிறா என்றார். கொப்பியில் அந்தக் கடை இருக்கிறதா என்றேன்.

"கொப்பி ஹோட்டலில கிடக்கு, தம்பி. இவ கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டா. எத்தினை தெரு திரும்பினம் எண்டும் தெரியாது. இது என்ன இடம் எண்டே எனக்கு விளங்கேல்லை," என்றார்.

பயமாக இருக்கிறதா அண்ணை என்று கேட்டேன்.

"இல்லையடாப்பா," என்றார். "இவ பக்கத்திலதானே நிக்கிறா."

போனை வைத்த பிறகு தேத்தண்ணி ஆறும்வரை சும்மா இருந்தேன். ஒரு மனிதர் வழி தெரியாமல் நிற்பதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு காலைதான்.