எங்கை போறியள்?

படலையைத் திறந்து சைக்கிளை வெளியே தள்ளிய குகதாசனுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"அப்பா, எங்கை போறியள்?"

போச்சு. குகதாசன் சைக்கிளைத் திருப்பினான். வெளிக்கிடுகிற மனுசனைப் பார்த்து இப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது. கோப்பாயில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தெரிந்த விஷயம். மூன்றரை வயது மிதுலாவுக்குத்தான் தெரியாது.

உள்ளே வந்து கதிரையில் இருந்தான். தண்ணீர் குடித்தான். திரும்ப வெளிக்கிட்டான்.

"அப்பா, எங்கை போறியள்?"

கிழமை முழுக்க இதே கூத்துத்தான். குற்றம் அவனுடையது. "பிள்ளைக்குச் சொற்கள் காணாது. வீட்டிலை நல்லாக் கதையுங்கோ, கேள்வி கேட்கப் பழக்குங்கோ" என்று முன்பள்ளி ரீச்சர் சொன்ன நாளிலிருந்து என்ன, ஏன், ஆர், எங்கை என்று மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுத்தான். மற்றதெல்லாம் ஒரு காதால் நுழைந்து மறுகாதால் போய்விட்டது. இது ஒன்றுதான் பிள்ளையின் வாயில் ஒட்டியது.

ரவுண் கடைத்தெருவில், தான் வேலை செய்கிற தேவராசா முதலாளியின் இரும்புக்கடைக்கு அன்றும் பிந்தித்தான் போனான்.

"நாளைக்கும் பிந்தினால் அப்பிடியே வீட்டிலை நில்லும்" என்றார் முதலாளி.

மனுசன் சொன்னால் சொன்னதுதான். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பெரியாது.

பின்னேரம் மகளை மடியில் இருத்தினான்.

"வெளிக்கிடுற ஆக்களை அப்பிடிக் கேட்கக் கூடாது, குஞ்சு. 'தூரமோ?' எண்டுதான் கேட்கோணும். சொல்லுங்கோ பாப்பம்."

"தூரமோ?"

"என்ரை கெட்டிக்காரி!"

விடிந்தது.

"அப்பா, தூரமோ?"

குகதாசன் பூரித்துப்போனான். "ஓம் குஞ்சு."

"எங்கை போறியள்?"

மனைவி கோபிகா தலையில் கை வைத்தாள். "உதுகளைப் பாக்காமல் போங்கோவன்! வேலை போகப்போகுது!"

"விசர்க்கதை கதையாதையும். உதைக் கேட்டிட்டுப் போனால் வேலை மட்டுமே போகும்? காலும் கையும் போகும்!"

தண்ணீர் குடித்தான். பிள்ளைக்குப் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கச் சொன்னான். சைக்கிளை விட்டுவிட்டு, பஸ்ஸிலாவது போவோம் என்று கிணற்றடி வேலிப் பொட்டின் இடைவெளிக்குள் தலையை நுழைத்தான். முள்ளுக்கம்பியில் சேர்ட் கொழுவி, பர்ரென்று கிழிந்தது. சத்தம் கேட்டு மிதுலா போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

பக்கத்து வளவு மார்க்கண்டர் அந்நேரம் பார்த்து வெங்காய மூட்டையோடு சந்தைக்கு வெளிக்கிட்டார்.

"அப்பா, எங்கை போறியள்? மார்க்கண்டு மாமா, எங்கை போறியள்?"

மார்க்கண்டர் மூட்டையை இறக்கினார்.

"பிள்ளைக்குக் கதைக்கப் பழக்கின நீ, வாயை மூடவும் பழக்கியிருக்கலாம்!" என்று உறுமிவிட்டு அவரும் தண்ணீர் குடிக்கப் போனார்.

கிழிந்த சேர்ட்டோடு குகதாசன் கடைக்குப் போய்ச் சேர மணி ஒன்பதரை. கதவு பூட்டிக் கிடந்தது. வேலையாட்கள் வாசலில் குந்தியிருந்தார்கள்.

"என்ன நடந்தது?"

"தெரியாது அண்ணை. பூட்டின்ரை திறப்பு முதலாளியிட்டை. போனும் எடுக்கிறார் இல்லை" என்றான் அவர்களில் ஒருவனான வின்சன்ற்.

குகதாசனுக்கு விளங்கிவிட்டது. கேள்வி பலித்துவிட்டது. தன் வேலையை மட்டுமல்ல, கடையையே விழுங்கிவிட்டது. முதலாளிக்கு என்ன ஆனதோ? இத்தனை பேரின் வயிற்றிலும் அடித்துவிட்டேனே என்று படியில் இருந்தவனுக்குக் கண் கலங்கியது.

பத்து மணிக்கு முதலாளியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குகதாசன் எழும்பிக் கைகூப்பினான்.

"முதலாளி, பிள்ளைக்கு நாலு சொல்லுப் படிப்பிக்கப் போய்..."

முதலாளி கையைக் காட்டி மறித்தார்.

"விடியத் துவங்கித் தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு வயிறு ஊதிப்போச்சு; 'எங்கை போறியள் எண்டு கேட்டால் அப்பா வேலைக்குப் போகாமல் திரும்பி வந்திடுவார்' எண்டு முன்பள்ளியிலை என்ரை மகன் கீர்த்திகனுக்குப் படிப்பிச்சது உம்மடை மகள்தானாம்!"