நாற்பத்தைந்து போர்

ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு நாறும்பூநாதன் நிமிர்ந்து நின்றார். அவர் நின்றார், வேட்டி நிற்கவில்லை.

"கரடி வந்தா அதைச் சுடுவீயளா, வேட்டியைப் பிடிப்பீயளா?" என்று அடுக்களை வாசலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி குழல்வாய்மொழி.

"ரெண்டும் செய்வேன். கை ரெண்டு இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டு, காலடியில் கிடந்த வேட்டியையும் அதன்மேல் கிடந்த ரிவால்வரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு அவர் உள்ளறைக்குப் போனார்.

தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் தமிழ்ப் பண்டிதர். வீடு மேலகரத்தில். எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிடுகிற மனிதர். அவர் கையில் ரிவால்வர் வந்ததற்குக் காரணம் மைத்துனர் சிவசைலம்.

கடையத்தில் வயலும் வாழ்வுமாக இருந்த சிவசைலம், வருஷா வருஷம் ஆவணி மாதத்தில் நாலு சிநேகிதர்களோடு ஐந்தருவிக்கு மேலே மலையில் இரண்டு நாள் வேட்டைக்குப் போவார். நாறும்பூநாதனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு தடவைகூட அவரைக் கூப்பிட்டதில்லை. அந்தப் பதினோரு வருஷ வேட்டையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மொத்தம் மூன்று முயல். அதில் ஒன்றின் காலில் கயிறு கட்டிய தழும்பு இருந்தது. ஆனாலும் வேட்டை வேட்டைதான்.

போன பொங்கலுக்குக் கடையம் போனபோது நாறும்பூநாதன் வாய்விட்டே கேட்டார்.

"அத்தான், இந்த வருஷம் நானும் வாரேன்."

சிவசைலம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "உமக்கு ஒத்து வராது மாப்பிள. அங்கன கரடி வரும்."

"கரடியா?"

"லேசுப்பட்ட கரடியா அது? மூணு மைலுக்கு அங்கிட்டே மோப்பம் பிடிச்சிரும். மரத்துல ஏறினாலும் விடாது. கீழ உக்காந்து நாம இறங்குத வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும். பானையை உடைச்சுப் போட்டுட்டு ஓடினாத்தான் தப்பலாம்."

"பானை எதுக்கு?"

சிவசைலம் ஒரு விநாடி விழித்தார். "தேன்! மலைக்குப் போனா தேன் எடுக்க மாட்டமா?"

"தேன் ஒரு தடவைகூட வீட்டுக்கு வந்ததில்லையே, அத்தான்?"

"அதான் உடைச்சிருதோம்னு சொல்லுதேன்லா! நீரு வேற, யாரு என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுத ஆளு. உம்மைக் கூட்டிக்கிட்டுப் போக முடியுமா?"

கரடியிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வரும் என்பது நாறும்பூநாதனுக்குப் புரியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் குழல்வாய்மொழி சொன்னது நன்றாகப் புரிந்தது.

"எங்க மதினிமாரெல்லாம் அவுக வீட்டுக்காரர் வேட்டைப் பெருமையைப் பேசுதாவ. நான் மட்டும் அங்கன உக்காந்து தரையில கிடக்க கோலப்புள்ளியை எண்ணிக்கிட்டு இருக்கேன். எங்கண்ணன் வாயால ஒரு தடவை, 'மாப்பிள தைரியசாலிடி'ன்னு கேட்டாப் போதும் எனக்கு."

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். வேட்டைக்குத் தடை கரடி. கரடிக்குத் தடை துப்பாக்கி. ஆகவே துப்பாக்கி.

எதிர்வீட்டில் குடியிருந்த இன்ஸ்பெக்டர் கடற்கரையிடம் யோசனை கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். காக்கிக் கால்சட்டை, கத்தரித்த மீசை, நல்ல சிரிப்பு. எந்த இலாகா இன்ஸ்பெக்டர் என்று நாறும்பூநாதன் கேட்டுக்கொண்டதில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் இல்லை என்று தெரிந்ததுமே வாத்தியார் மனசு நிம்மதியாகிவிட்டது.

"நீளத் துப்பாக்கி வேண்டாம் பண்டிதரே" என்றார் கடற்கரை. "கரடி புதருக்குள்ள இருந்து கையெட்டுற தூரத்துல எந்திரிச்சு நிக்கும். அதைத் திருப்பிக் குறி பார்க்க நேரம் இருக்காது. ரிவால்வர்தான் சரி. ஆமா, கரடி எந்த இடத்துல வருதாம்?"

"ஐந்தருவிக்கு மேலே, பலாத்தோப்பைத் தாண்டி ஒரு யானைப் பாறை இருக்காம். அங்கே. பானையைத் தேடித்தான் வருமாம்."

கடற்கரை சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டார். "எத்தனை பானை?"

எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நாறும்பூநாதன் நெகிழ்ந்துபோனார்.

லைசென்ஸுக்கு மனு எழுத வேண்டியிருந்தது. கரடியின் கொடுமையை விளக்கிப் பதினெட்டு அடியில் ஆசிரியப்பாவாகவே எழுதிப் போட்டார். 'விவரம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது. எதுகை மோனையை மாற்றி மறுபடி போட்டார், மறுபடி வந்தது. கடைசியில் கடற்கரை நாலே வரியில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, தானே சிபாரிசும் செய்தார். ஆனி மாதம் லைசென்ஸ் கிடைத்தது.

இருவரும் திருநெல்வேலிக்குப் போனார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தார்.

"முப்பத்திரண்டு போர் வேணுமா, முப்பத்தெட்டு போர் வேணுமா, நாற்பத்தஞ்சு போர் வேணுமா சார்?"

நாறும்பூநாதன் திடுக்கிட்டார். "ஒரே ஒரு கரடிதானய்யா. அதுக்கு எதுக்கு அத்தனை போர்?"

"போர்னா குழல் அளவு" என்று காதோரம் சொன்னார் கடற்கரை.

பண்டிதர் முதலாவதைத் தொட்டார். உள்ளங்கையில் அடங்கியது. "இது கரடிக்குப் போதுமா?"

"சொறிஞ்சுவிட்ட மாதிரி சுகமா இருக்கும் சார்."

"இரண்டாவது?"

"கோபம் வரும்."

"யாருக்கு?"

"கரடிக்கு."

"மூன்றாவது?"

"கரடி விழும்" என்றார் கடைக்காரர். பிறகு பண்டிதரின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "கூடவே நீங்களும் விழுவீங்க" என்றார்.

நாறும்பூநாதன் உறுதியாகச் சொன்னார்: "கரடி முதலில் விழுந்தால் சரி. மூன்றாவதையே பொதிந்து கொடுங்கள்."

மேலகரத்துக் குளத்துக்கரையில் பனைமரத்தில் காகிதக் கரடியை ஒட்டிப் பயிற்சி நடந்தது. முதல் வெடியில் பனைமரத்துக்கும் கரடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பண்டிதர் மட்டும் பின்னாலிருந்த நாற்றங்காலில் மல்லாந்து கிடந்தார். இருபதாவது வெடியில் விழாமல் நின்றார். அன்று வீட்டில் பாயசம்.

அதன் பிறகுதான் இந்த வேட்டிப் பிரச்சினை. பச்சை பெல்ட் வாங்கிக் கட்டினார். பெல்ட் நின்றது, வேட்டி அதன் அடியில் நழுவியது. பெல்ட்டை இறுக்கினார், மூச்சு நின்றது. விஷயத்தைக் கேள்விப்பட்ட கடற்கரை தன்னுடைய பழைய காக்கிக் கால்சட்டை, சட்டை, தொப்பி, தோல் உறை எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, நாறும்பூநாதன் தனக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

'கரடியைப் பற்றிக் கவலை வேண்டாம். நாற்பத்தைந்து போர் என்னிடம் உள்ளது' என்று கடையத்துக்குக் கடிதம் எழுதினார். 'இந்த வருஷம் வேட்டை கிடையாது. எனக்கு மூட்டுவலி' என்று பதில் வந்தது. அதை நம்பி அவர் மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருந்தபோது குழல்வாய்மொழி ஓடி வந்தாள்.

"மதினி ஆள் விட்டுச் சொல்லிட்டா! அண்ணன் இன்னைக்குக் காலையில மலைக்குப் போயிட்டானாம்!"

"மூட்டுவலியோடயா?"

"உங்களைக் கழிச்சுவிடத்தான் மூட்டுவலி!"

நாறும்பூநாதனுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு நிமிஷந்தான். "மூட்டுவலிக்காரரைக் கரடி துரத்தினால் ஓடக்கூட முடியாதே" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினார். தைலப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டார்.

தெருவில் கடற்கரை எதிர்ப்பட்டார். "இன்னைக்கா? நீங்க முன்னால போங்க பண்டிதரே. நான் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வாரேன். எனக்கும் அந்தக் கரடியைப் பார்க்கணும்னு ஆசை."

ஐந்தருவி வரை குதிரை வண்டி. அதற்கு மேல் நடை. சாரலில் பாறையெல்லாம் வழுக்கியது. பலாத்தோப்பைத் தாண்டியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ பாடவும் செய்தார்கள். வேட்டைக்காரர்களுக்கு எவ்வளவு துணிச்சல், கரடி இருக்கிற காட்டில் பாட்டு வேறு என்று வியந்துகொண்டே அவர் புதரை விலக்கி வெளியே வந்தார்.

பாறையின் உச்சியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தான் சமையல்கார மந்திரமூர்த்தி. காக்கியையும் தொப்பியையும் பார்த்தான். அலறினான்.

"ஏலே, கரடி! கரடி வந்துட்டுலே!"

ஐந்து பேரும் ஐந்து திசையில் பாய்ந்தார்கள். ஒருவர் வேட்டி கொடியில் மாட்டிக்கொண்டது. அதை அதற்கே விட்டுவிட்டு ஓடினார். மூட்டுவலிக்கார சிவசைலம் எல்லோருக்கும் முன்னால் மான் மாதிரி போனார். போகிற போக்கில், "பானையை உடைலே மந்திரம்!" என்று கத்தினார்.

மந்திரமூர்த்தி சறுக்கி இறங்கி ஒரு கல்லைத் தூக்கினான்.

"உடைக்காதே!" என்று பாய்ந்தார் நாறும்பூநாதன். பானைக்கு முன்னால் கால் பரப்பி நின்று, இரண்டு கையாலும் ரிவால்வரை உருவினார். இடத்தைவிட்டு நகரவில்லை. "பதினோரு வருஷமாக உடைத்தது போதும். அத்தான்! ஓடாதீங்க! நான் இருக்கேன்! இந்த வருஷம் ஒரு சொட்டுக்கூடக் கரடிக்குக் கிடையாது!"

வானத்தைப் பார்த்து ஒரு வெடி. மலை அதிர்ந்தது. அவர் விழுந்தார்; விழும்போதும் பானையைக் கட்டிக்கொண்டே விழுந்தார். பானைக்கு ஒரு கீறல் இல்லை. மலைத்தேனுக்கு இத்தனை புளிப்பு வாடையா என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது.

வெடிச்சத்தம் கேட்டுக் கடற்கரை இரண்டு ஆட்களோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பண்டிதரே! பத்திரமா இருக்கீங்களா?"

"பத்திரம்!" என்றார் நாறும்பூநாதன் தரையில் கிடந்தபடியே, முகமெல்லாம் பெருமையாக. "பானையும் பத்திரம். கரடிதான் இன்னும் கண்ணில் படவில்லை."

மந்திரமூர்த்தி கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பண்டிதர் பக்கம் குனிந்தான்.

"பண்டிதரய்யா, இருவது வருசமா இந்த மலையிலதான் கெடக்கேன், ஒத்தக் கரடியை நான் கண்ணால கண்டதில்ல. உங்க அத்தான் கரடி கரடின்னு சொன்னதெல்லாம், நீங்க கூட்டிக்கிட்டு வந்திருக்கியளே, இந்த மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவைத்தான்!"