வாளியில் இருந்தவனின் முழுப் பெயர்

டுலூத், மினசோட்டா
வெள்ளிக்கிழமை, மதியம்

மதிப்பும் அன்பும் நிறைந்த எல்மா அக்காவுக்கு, தம்பி ரைனோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி மார்ஜும் சுகம். ஏரி இன்னும் உருகவில்லை, நாயின் இடுப்புவலி தேவலை. அங்கே நீயும் மாமாவும் உங்கள் சவுனாவின் மரவாளியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாளியை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்து ஆவிக்குளியலுக்காகச் சவுனா அறையில் உட்கார்ந்தபோது, சூடான கல்லில் ஊற்றுகிற தண்ணீர் வாளியின் விளிம்பில் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது, இந்தத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினால் அந்த ஆவியில் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துண்டோடு வெளியே வந்து நின்றேன் அல்லவா? பனியில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "மொதல்ல நர்ஸாகிக் காட்டுடா, அப்புறம் வந்து என் வாளிய பத்திப் பேசு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். அன்றிலிருந்து நான் கூப்பிட்டாலும் நீ ஃபோனை எடுப்பதில்லை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அழுவதற்காக எழுதவில்லை, ஜெயித்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

காகித ஆலையை மூடிய பிறகு நான் நர்ஸிங்கில் சேரப் போகிறேன் என்றதும் நம் சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நுண்ணுயிரியல் பாடத்தில் தேற வேண்டும். அதில் பெரிய பரீட்சை, டீச்சர் ஆளுக்கொரு குழாயில் சத்துச் சூப்பு ஊற்றி, அதில் பெயர் சொல்லாமல் ஒரு பாக்டீரியாவைப் போட்டுக் கொடுப்பார், அது யார் என்று நாமே சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். போன வருஷம் இதில்தான் மண்ணைக் கவ்வினேன். சாயம் ஏற்றிய பிறகு ஆல்கஹாலை அளவாக ஊற்ற வேண்டும், நான் நம் குடும்ப வழக்கப்படி தாராளமாக ஊற்றிவிட்டேன், ஊதாவாக நிற்க வேண்டியது வெளுத்து ரோஸாகிவிட்டது, அதை நம்பி எங்கேயோ போய் முட்டிக்கொண்டேன். இந்த முறையும் தவறினால் இலையுதிர்காலத்தில் எனக்கு நர்ஸிங்கில் இடம் கிடையாது, கிடங்கில் பெட்டி தூக்கத்தான் போக வேண்டும்.

அதனால் இந்த வருஷம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன். எல்லாரும் கசங்கிய வெள்ளைக் கோட்டோடு வருவார்கள், நான் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மடிப்பு கலையாமல் போவேன். ரகசியம் இதுதான்: சனிக்கிழமை நாங்கள் சவுனாவில் உட்காரும்போது கோட்டைச் சவுனாவின் முன்னறையில், எங்கள் வாளிக்கு மேலே இருக்கிற ஆணியில் தொங்கவிடுவேன், ஆவியில் சுருக்கமெல்லாம் தானாகப் போய்விடும். மார்ஜுக்கு இது பிடிக்காது. "லேப் கோட்ட யாராவது குளிக்கிற எடத்துல தொங்கவிடுவாங்களா? கையி ரெண்டும் வாளிக்குள்ள நீச்சலடிக்குது பாருங்க" என்பாள். சுத்தத்தைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாள், பார்த்தாயா!

குழாய் கொடுத்த அன்று பாக்டீரியா பெருகி எல்லாருடைய குழாயும் கலங்கியிருந்தது, என்னுடையது மட்டும் தெளிந்த சூப்பாக இருந்தது. என் பாக்டீரியா அடக்கமான பிறவி என்று நினைத்துக்கொண்டேன். திறந்து, முகர்ந்து, குலுக்கி வைத்தேன். அடுத்த வகுப்பில் அதுவும் கலங்கிவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். சாயம் ஏற்றினேன், இந்த முறை ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டிக் கம்புகள் தெரிந்தன. பெராக்சைடு விட்டதும் நுரைத்துத் தள்ளியது. ஜெலட்டின் குழாயில் விட்டால் கெட்டியாக இருந்ததைத் தண்ணீராக்கிவிட்டது, நம் சர்ச் விருந்து ஜெல்லியில் இது புகுந்தால் அத்தனை பேரும் உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். கடைசியில் நாலைந்து பெயர் மிச்சம் நின்றது. சூட்டுப் பெட்டியில் வைத்து வளர்த்த எல்லாத் தட்டிலும் பாக்டீரியா வெள்ளை வெள்ளையாகவே வளர்ந்திருந்தது, எதை வைத்துப் பிரிப்பது என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் ஒரு தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைக்க மறந்து, மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். திங்கட்கிழமை திறந்தால் லிங்கன்பெரி ஜாமைத் தடவி வைத்த மாதிரி ரத்தச் சிவப்பு! பக்கத்து மேசை டெனிஸ், முடிவெட்டும் கடையை விட்டுவிட்டு நர்ஸாக வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கெட்டுப்போச்சு அது. தூக்கிக் குப்பைல போடுங்க."

"கெடல டெனிஸ். பெட்டிக்குள்ள இருந்தது வெள்ள, வெளிய இருந்தது செவப்பு. என்ன வித்தியாசம்? சூடுதானே?"

"சூட்டுல செவக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். குளுந்தா செவக்குமா?"

அக்கா, பிறந்ததிலிருந்து சூட்டில் உட்கார்ந்து சிவக்கிற சாதி நாம், எனக்குத் தெரியாத சூடா? இது நமக்கு நேர்மாறான பிறவி என்று பிடிவாதமாக நின்றேன். ஒரே திட்டிலிருந்து பாக்டீரியாவை எடுத்து இரண்டு தட்டில் கோடு கோடாகத் தடவினேன், ஒன்றைப் பெட்டியில் வைத்தேன், ஒன்றை மேசையில் வைத்தேன். உள்ளே இருந்தது வெள்ளை, வெளியே இருந்தது சிவப்பு! மிச்சம் நின்ற பெயர்களில் குளிர்ந்தால் சிவக்கிறவன் ஒருவன்தான்: செராஷியா மார்செசென்ஸ்! நான் கத்திய கத்தலில் டெனிஸ் ஸ்லைடைக் கீழே போட்டுவிட்டாள்.

டீச்சர் பிராண்ட்வோல்ட் வந்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். "ரைனோ, இது உங்களுக்கு எங்கேந்து கெடச்சுது?" என்றார். "எல்லாம் நீங்க குடுத்த குழாய்தான் மேடம்" என்று பணிவாகச் சொன்னேன். தட்டுகளை வாங்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மார்க் இன்னும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது? அசந்துபோய்விட்டார். வருகிற மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைக்கிறார் என்று நினைக்கிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செராஷியா எங்கே வசிக்கிறது என்று புத்தகத்தில் பார்த்தேன். குளியலறை மூலை, ஈரம் காயாத பாத்திரம், சரியாகத் தேய்க்காத விளிம்பு, அங்கெல்லாம் ரோஸ் நிறத்தில் வழவழவென்று படியுமாம். அக்கா, உன் வாளியில் குடியிருப்பவனின் முழுப் பெயர் இப்போது எனக்குத் தெரியும்! வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இதைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, உன்னைப் போன்றவர்களுக்குப் புத்தகமே தேவையில்லை. தயவுசெய்து அந்த வாளியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுது, மன்னித்துவிடுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் வாசலுக்கு நல்ல வெயிலும், உன் சவுனாவுக்கு நல்ல கல்லும், உன் வாளிக்கு நல்ல பிரஷும் கிடைக்க வாழ்த்தும்,
உன் தம்பி,
(வருங்கால) நர்ஸ் ரைனோ லாஹ்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் ஃபோன் செய்தார். "ரைனோ, உங்க குழாயில எதையும் போட மறந்துட்டேன், அது வெறும் சூப்பு. இந்த வருஷம் அந்தப் பாக்டீரியாவ நான் யாருக்குமே குடுக்கல. ஆனா எல்லாச் சோதனையும் நானே திரும்பப் பண்ணிப் பாத்தேன், நீங்க சொன்ன பேரு சரி. எனக்கே தெரியாதத கண்டுபிடிச்சிருக்கீங்க, பாஸ் போட்டுட்டேன். அப்புறம் லாக்கர்ல இருந்த உங்க கோட்டுக் கையப் பஞ்சால தொடச்சு, தட்டுல தடவி வளத்துப் பாத்தேன், தட்டு பூரா செவப்பு. அந்தக் கோட்ட எங்கங்க தொங்கவிடுறீங்க?" என்றார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போய் வாளியைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பில் கொஞ்சம், அடியில் நிறைய. மார்ஜ் வாசலில் நின்று சிரித்தாள். எங்கள் மரவாளி அடுப்பில் நன்றாக எரிகிறது. அக்கா, நான் பாஸ். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் சவுனா போட வேண்டும், நீயும் மாமாவும் வாருங்கள். வரும்போது உன் வாளியைக் கொண்டு வா.