சரளைப் பாதைக்கு ஓர் ஆட்சேபம்

பெரிகோர் சீமையில் வெர்னியாக் கிராமத்தில் பிறந்து, அங்கேயே முப்பத்தொரு ஆண்டுகள் தபால் பட்டுவாடா செய்து, ஓய்வு பெற்று, இன்றும் சொந்தப் பல்லாலேயே ரொட்டி கடிக்கும் ஃபெர்னான் தெல்பெஷ் ஆகிய நான், வயது எழுபத்திரண்டு, முழு சுயநினைவோடு எழுதுவது: நான் அழிந்தேன்.

என்னை அழித்தது ஒரு சைக்கிள் பாதை. அதிலும் கார் வராத, லாரி வராத, ஒரு மோட்டார் சைக்கிள்கூட எட்டிப் பார்க்காத, பரம சாதுவான சரளைப் பாதை.

எங்கள் ஊர் வழியாக முன்பு ரயில் ஓடியது. ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். முட்புதர் மண்டியது. பிறகு மேலிடத்துக்கு ஞானம் பிறந்து, புதரை வெட்டி, சரளை கொட்டி, உருளை ஓட்டி, சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஹாலந்திலிருந்து வருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறார்கள். முழங்காலில் சிராய்ப்பும் முகத்தில் பேரானந்தமுமாகப் போகிறார்கள். போகட்டும். பாதை ஊருக்குக் கிழக்கே பழைய ரயில் சுரங்கத்தின் வாயோடு நின்றிருந்தவரை எனக்கு யாரோடும் பகையில்லை.

சுரங்கத்துக்கு அப்பால் கோம்ப்-நுவார் காடு. அந்தக் காட்டில் ஓரிடத்தில், இலையுதிர் கால மழைக்குப் பிறகு, செப் காளான் முளைக்கும். ஒவ்வொன்றும் என் தொப்பியளவு. அந்த இடத்தை என் தாத்தா என் தந்தைக்கு மரணப் படுக்கையில் சொன்னார். தந்தை எனக்குச் சொன்னதும் அவ்வாறே. உயிரோடிருக்கையில் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மனைவிக்குமா என்று கேட்கலாம். மனைவிக்குத்தான் முக்கியமாக. காளான் இடத்தையும் சொல்லிவிட்டால் கணவன் என்பவனிடம் பிறகு என்னதான் மிஞ்சும்?

அந்த இரகசியத்துக்காக நான் பட்ட பாடு சொல்லி முடியாது. காட்டுக்குப் போக மேற்கே புறப்படுவேன். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றுவேன். ஓடையில் இறங்கி ஏறுவேன். இரண்டு மணி நேரம். கோடையில் அந்தத் திசையில் தலை வைத்தும் படுப்பதில்லை. காளான் இல்லாத காலத்தில் காட்டுக்குப் போகிறவன்மேல் ஊருக்குச் சந்தேகம் வரும்.

என் மனைவி சொலான்ஜுக்கு இதில் முப்பத்தெட்டு வருட மனத்தாங்கல். சென்ற பிப்ரவரியில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பாதிரியார் வந்துவிட்டார். சொலான்ஜ் குனிந்து என் வாயருகே காதை வைத்தாள். நான் திணறித் திணறி வாய் திறந்தேன்: "வீட்டு பாய்லரை அணைச்சியா?"

பிழைத்துக்கொண்டேன். அவள் மன்னிக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நண்பகல், சூப் குடித்துக்கொண்டிருந்தேன். சொலான்ஜ் ஊராட்சி மன்ற உறுப்பினர். நானோ அந்த மன்றத்தின் படியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் இரும்புக் குண்டு விளையாடும் மைதானத்தின் நட்டநடுவே மேயரம்மா ஒரு பூந்தொட்டியை வைத்த நாள் முதல் அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ஊர்ச் செய்தி எதுவும் எனக்கு மனைவி வாய் வழியாகத்தான் வரும். அன்று அவள் மேசைமீது ஒரு வரைபடத்தை விரித்தாள்.

"சைக்கிள் பாதைய நீட்டப் போறாங்க, ஃபெர்னான்."

"நீட்டட்டும். சூப்புல உப்பு கம்மி."

"சுரங்கத்துல வௌவால் குடியிருக்காம், உள்ள விடமாட்டாங்களாம். சுத்திக்கிட்டுத்தான் போகணும். மூணு வழி பாத்திருக்காங்க. இந்தா, செவப்புக் கோடு. பழைய மாவு மில்லு பக்கம்."

"போகட்டும்."

"நீலக் கோடு, ரூஜியேவோட மாட்டுத் தொழுவத்த ஒட்டி."

"தாராளமா. மாட்டுக்கும் பொழுது போக வேண்டாமா?"

"பச்சைக் கோடு, கோம்ப்-நுவார் காட்டுக்குள்ள."

கரண்டி சூப்பில் விழுந்தது. சூப் என் சட்டையில் விழுந்தது.

"என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"அந்தக் காட்டுக்குள்ள போகக் கூடாது."

"ஏன்?"

"ஆந்தை இருக்கு."

"ஆந்தை எந்தக் காட்டுலதான் இல்ல?"

"இது வேற ஆந்தை. கூச்ச சுபாவம். சைக்கிள் மணி கேட்டா முட்டையே போடாது."

"அடேயப்பா! கட்டின பொண்டாட்டியோட பொறந்தநாள் இந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்காது. ஆந்தையோட கூச்சம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"சொலான்ஜ், விளையாடாத. இதத் தடுத்தே ஆகணும்."

"அப்ப ஆட்சேபம் எழுதிக் குடு. மன்றத்து ஆட்சேபப் பதிவேட்ட நான் வீட்டுக்கே கொண்டாறேன். நீதான் அந்தப் படி ஏற மாட்டியே."

கறுப்பு அட்டை போட்ட தடித்த பதிவேடு மறுநாளே வந்தது. மூன்று வாரம் எழுதினேன். ஏழு பக்கங்கள். ஆந்தையின் மாண்பு, அமைதியின் அவசியம், சரளையின் கொடுமை என்று வரிசையாக அடுக்கினேன். சொலான்ஜ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"நடையெல்லாம் பிரமாதம். ஆனா எந்த எடம்னு இல்லையே?"

"முழுக் காட்டையும் விட்டுடுங்கன்னு எழுதியிருக்கேன்."

"முழுக் காட்டையும் யாரு விடுவா? ஒரு துண்டுதான் விடுவாங்க. எந்தத் துண்டுன்னு மீட்டர் கணக்கா எழுதணுமாம். எழுதாட்டி விசாரணை அதிகாரி அவர் இஷ்டத்துக்குக் கோடு போட்டுருவார்."

அவர் இஷ்டத்துக்கா! விலாசம் எழுதுவதில் தபால்காரனுக்கு யார் பாடம் சொல்வது? ஊற்றுக்கு வடக்கே எண்பது மீட்டர். இடி விழுந்த கஷ்கொட்டை மரத்துக்கு இடப்புறம். மூன்று ஓக் மரங்களுக்கு நடுவே, பாசி படிந்த சரிவு. அளவுகோல் வைத்து ஒரு படமும் வரைந்தேன். நடுவில் வட்டமிட்டு "ஆந்தையின் இல்லம்" என்று எழுதினேன்.

சொலான்ஜ் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்ளோ தெளிவா எனக்கு நீ ஒரு காதல் கடுதாசிகூட எழுதினதில்ல, ஃபெர்னான்."

ஜூலை போயிற்று. ஆகஸ்டு போயிற்று. தீர்ப்பு வரவில்லை. செப்டம்பர் இறுதியில் நாலு நாள் விடாத மழை, பிறகு இளவெயில். ஊரே மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அக்டோபர் பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை சொலான்ஜ் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பியதும், எட்டு ஆண்டு மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மன்றத்தின் படியேறினேன்.

"வாங்க வாங்க, முசியே தெல்பெஷ்!" என்றார் மேயரம்மா. "பூந்தொட்டி விஷயமா?"

"தொட்டி இல்லைங்க, மதாம். என் ஆட்சேபம் என்னாச்சு?"

"என்ன ஆட்சேபம்?"

"பச்சைக் கோட்டுக்கு. சைக்கிள் பாதை, காட்டு வழியா."

"காட்டு வழியா யாரு போட்டா? பாதை நேரா சுரங்கத்துக்குள்ளதான் போகுது. விளக்குப் போட்டு ஆகஸ்டுலயே தெறந்தாச்சு. போன வருஷம் எடுத்த முடிவு. முன்மொழிஞ்சதே உங்க வீட்டம்மாதானே?"

"வௌவால்?"

"எந்த வௌவால்?"

சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. அதில் ஒரே ஒரு கோடு இருந்தது. நான் வணக்கம் சொன்னேனா என்று நினைவில்லை.

வாழ்நாளில் முதன்முறையாகக் கோம்ப்-நுவார் காட்டுக்கு நேர்வழியில் ஓடினேன். சரளைப் பாதை, சுரங்கம், மறுபடி சரளைப் பாதை. இரண்டு ஹாலந்துக்காரர்கள் கையசைத்து உற்சாகப்படுத்தினார்கள். இருபத்தைந்தே நிமிடம்! இத்தனை ஆண்டுகள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய என் கால்களை நினைத்து அழுதேன்.

ஓக் மரத்தில் சொலான்ஜின் சைக்கிள் சாய்ந்திருந்தது. பாசிச் சரிவில் சொலான்ஜ். ஒரு கையில் கத்தி. மறு கையில் நான் வரைந்த படம். பக்கத்தில் நிறைந்து வழியும் கூடை.

"வா, ஃபெர்னான். படம் அபாரம். ஒரு மீட்டர்கூடப் பிசகல."

"பல் வைத்தியர்கிட்ட போறேன்னியே?"

"பல்லுக்கு வேலை இனிமேதான். ஆம்லெட்டு."

"துரோகி! இது எங்க தாத்தாவோட எடம்!"

"கத்து. இன்னும் நல்லாக் கத்து. எதிர்ச் சரிவுல ரூஜியே மாடு மேய்க்கிறான், அவனும் கூடையோட வரட்டும்."

என் கோபத்தைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் கொட்ட நேர்ந்தது. "எதுக்குடி இப்படிப் பண்ணின?"

"நீ போனா வீடு எனக்கு வரும். பாதிப் பென்ஷன் வரும். உங்கம்மாவோட பூச்சி அரிச்ச அலமாரியும் வரும். நான் கேட்டது இது ஒண்ணுதான். சாகற நேரத்துல பாய்லரக் கேட்ட மனுஷன்தானே நீ?"

இதற்குப் பதில் இருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதலாம்.

"சரி, பேசி முடிச்சுக்கலாம்," என்றாள். "வாரத்துல ஆறு நாள் எனக்கு. ஞாயிறு உனக்கு."

"இது அக்கிரமம்."

"அப்ப உன் ஏழு பக்கத்தையும் மன்றத்து அறிவிப்புப் பலகைல ஒட்டிடறேன். ஊரே படிக்கட்டும். நடைதான் பிரமாதமாச்சே."

சம்மதித்தேன். வாய்ப்பேச்சு நிலைக்காது, எழுத்தில் வேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். படத்தின் பின்புறத்தில், அவள் முதுகின்மீது வைத்து, பிழையின்றி எழுதி முடித்தேன்.

முதல் ஞாயிறு விடியும்போதே போனேன். சரிவில் வெட்டப்பட்ட காளான்களின் அடிக்காம்புகள் மட்டும் இருந்தன. சனிக்கிழமை மாலையே வழித்தெடுத்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அதை வாசகம் வாசகமாக யோசித்து, என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான், 2022ஆம் ஆண்டு அக்டோபர் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை.