பெற்றோமாக்ஸ் சூரியன்

யேசு மரி சூசை

பாலையூற்று, திருகோணமலை
14.5.1974

மதிப்புக்குரிய மச்சான் பேணாட் அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். புல்மோட்டையில் உமது சுகத்தைக் கேட்கத் தேவையில்லை, போன திருநாளில் உமது வயிற்றைப் பார்த்தனான்.

வெட்கத்தை விட்டுச் சொல்லுறன். என்ட மகள், உம்மட மருமகள் றோஸுக்குப் பேசியிருக்கிற வின்சன் மாஸ்டர் கோவில் மண்டபத்தில் சூரியனைப் பற்றிப் பேசினவர். மாமனாகப் போறவன் எண்டு என்னை முன் கதிரையில இருத்தினவை. தூசியும் வாயுவும் திரண்டு சூரியன் பிறந்தது மட்டும் கேட்டனான், பிறகு மண்டபம் என்ட குறட்டையைத்தான் கேட்டது. மாஸ்டரின்ட தாய்க்குப் பொல்லாத கோபம். "சீனன்குடாவிலயும் இவனுக்குப் பாக்க ஒரு பெட்டை இருக்கு. என்ட பிள்ளை சொன்ன சூரியன்ட கதையை அந்த மனுசன் எனக்குச் சொல்லட்டும், பிறகு பாப்பம்" எண்டு சொல்லியனுப்பிப் போட்டா. றோஸ் ஒரு பாட்டம் அழுதுபோட்டு, குசினியில தேங்காய் துருவித் துருவி எனக்குப் படிப்பிச்சாள்.

ஞாயிறு பின்னேரம் தாயும் மகனும் வந்தினம். உம்மட்ட இரவல் வாங்கின பெற்றோமாக்ஸ் விளக்கை மேசையில வைச்சு, "பாருங்கோ அக்கா, சூரியனும் எங்களைப்போல நடுவயசு. இப்ப ஒழுங்கா எரியுது. உள்ளுக்க எரிபொருள் முடிய வீங்கும், சிவக்கும், கிட்ட நிக்கிற கிரகங்களை விழுங்கும், எங்கட பேணாட் மச்சான் கலியாண வீட்டுக்கு வந்தமாதிரி" எண்டன். அக்கா சிரிச்சுப்போட்டா.

"பிறகு வெடிக்குமோ?"

"இல்லை அக்கா, வெடிக்கிறது இதைவிடக் கனக்கப் பெரிய நட்சத்திரங்கள். இது மேல்தோலை மெல்ல உதிர்த்துப்போட்டு, இந்த மென்டில் வலைமாதிரி வெள்ளையா, சின்னனா மிஞ்சும். எரிய ஒண்டுமில்லை, பழைய சூட்டில மினுங்கி மினுங்கி ஆறும்."

"எப்ப?"

"இன்னும் ஐந்நூறு கோடி வருசத்தால."

"அப்ப ஆவணிக்கு வைக்கலாம்" எண்டா அக்கா.

வாற ஞாயிறு கோவிலில கலியாண அறிவித்தலின்ட முதல் ஓலை வாசிப்பினம். பிள்ளை குட்டியோட நேரத்துக்கு வந்து சேரும். என்ட மனுசி திரேசம்மாவும் றோஸும் தோத்திரம் சொல்லச் சொன்னவை. மாதா உமக்குத் துணை நிற்க.

இப்படிக்கு,
பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்ட முதல் மாஸ்டர் வந்தவர். "விளக்கைக் கொளுத்தியும் காட்டியிருக்கலாம் மாமா" எண்டார். காட்டினன். ஸ்பிரிட்டில சூடாக்காமல் காத்தடிச்சுப் போட்டன். வீங்கிச் சிவந்தது, பாடம் சரி. கிட்ட நிண்டதை விழுங்கினது, அதுவும் சரி. மாஸ்டருக்கு இடப்பக்க மீசை இல்லை. அதைக் கேள்விப்பட்டுத் தாய் சீனன்குடா பஸ்ஸில ஏறிப் போட்டாவாம். மாஸ்டர் போகயில்லை, றோஸ் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறாள். உமது விளக்கின்ட கைப்பிடி பத்திரமாக இருக்கிறது.