கணக்குப் பிரிவின் கோரஸ்

நாடகக் கலையைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று உலகம் நம்புகிறது. நம்பட்டும். அதை முழுமையாக்கியது எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. அப்பிரிவின் உறுப்பினன் என்ற முறையில் இந்த உண்மையைப் பதிவு செய்வது என் கடமை.

ஆண்டு விழாவுக்கு மிகப் பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றை 'இன்றைய ரசிகனுக்காக' மேடையேற்றுவது என்று மேலாளர் முடிவெடுத்தார். இயக்கம், அவருடைய மைத்துனர். இன்றைய ரசிகனுக்காக அரசன் கோட்டு அணிந்து சுழல் நாற்காலியில் வந்தான். போர்க்களத் தூதன் கைப்பேசியில் வந்தான். சிக்னல் சரியில்லாததால் பாதிப் போர் யாருக்கும் புரியவில்லை. அரசன் வேடம் வேறு எவருக்கும் பொருந்தாது என்பதை மேலாளரே கண்டறிந்தார். கோட்டைச் சுவர் இடியப்போகிறது என்று எச்சரித்து, அந்தக் குற்றத்துக்காக நாடு கடத்தப்படும் ராணியாக எங்கள் வரவேற்பாளர் நடித்தார்.

கணக்குப் பிரிவின் எட்டுப் பேரும் கோரஸ். அதாவது, நடப்பதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்து, ஒன்றும் செய்யாமல், கூட்டாகப் புலம்புகிற ஊர்ப் பெரியவர்கள். ஆரம்பத்தில் எங்களுக்கு அது கைவரவில்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல் 'அந்தோ' என்கிறோம் என்று மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசி ஒத்திகையன்று மதியம் அலுவலக லிஃப்ட் அறுந்து விழுந்து, துப்புரவுப் பணி செய்யும் அம்மாவின் கால் முறிந்தது. லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று வரவேற்பாளர் வாரக்கணக்கில் சொல்லிவந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று மேலாளரும் வாரக்கணக்கில் கம்பீரமாகப் பதிலளித்து வந்தார். அன்று மாலை ஒத்திகை மேடையில் வரவேற்பாளர் வசனத்தை விட்டுவிட்டு, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேலாளரிடம் கேட்டார்.

"லிஃப்ட் பத்தி எங்கிட்ட யாருமே சொல்லல. அந்தம்மா ஏதோ தப்பா அமுக்கிட்டாங்க. அறிக்கை அப்படித்தான் போகுது" என்றார் மேலாளர்.

வரவேற்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க எட்டுப் பேர் முன்னாடிதானே சொன்னேன்? சொல்லுங்க."

மூத்த கணக்காளர் விட்டத்தை ஆராய்ந்தார். நான் என் செருப்பின் வார் நலமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகு எட்டு வயிற்றிலிருந்தும் ஒரே பெருமூச்சு, ஒரே சுருதியில் எழுந்தது.

மைத்துனர் கண்கலங்கிவிட்டார். "இதைத்தான் இவ்வளவு நாளா கேட்டேன். அப்படியே வச்சுக்குங்க."

மறுநாள் வரவேற்பு மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ராணி வேடம் மேலாளரின் மனைவிக்குப் போனது. நாடு கடத்தப்பட அவர் சம்மதிக்காததால் ராணி வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பினாள். விழாவன்று நாங்கள் அதற்கும் புலம்பினோம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிறந்த நடிப்புக்கான கேடயம் எங்களுக்கே கிடைத்தது.

கேடயத்தோடு வெளியே வந்தபோது, பார்வையாளர் கூட்டத்தில் பழைய வரவேற்பாளர் நின்றிருந்தார். நாடகம் எப்படி என்று உரிய தன்னடக்கத்துடன் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு சார்" என்றார். "மத்தவங்க எல்லாரும் நடிச்சாங்க. நீங்க எட்டுப் பேர் மட்டும் நடிக்கவே இல்ல."