இடப்பக்க யன்னல்

முதலாவதாகக் கடல், தோணி இழுத்து வைக்கும் இடத்தைத் தின்றது; கரையோரப் பாதுகாப்பு அலுவலகம் கடிதம் கேட்டது. இரண்டாவதாகப் பதினொரு தென்னைகளைத் தின்றது. அலுவலகம் அதே கடிதத்தை மூன்று பிரதிகளில் கேட்டது. மூன்றாவதாக, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் சுவர் விழுந்தது. உள்ளே இருப்பவர்கள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றது அலுவலகம். நான்காவதாக ஆயிஷா உம்மாவின் குசினி அடுப்போடு போனது. மிச்சமிருந்த ஒற்றை அறைக்கும் கடலுக்கும் நடுவே ஒன்பது முழம். கருங்கல் அணை போட்டால் அறை நிற்கும்.

முப்பது வருஷமாகச் சாய்ந்தமருது வீதிகளில் துண்டுப்பிரசுரம் கொடுத்து, கோஷம் போட்டுத் தொண்டை கெட்டவர் ஜெமீல் காக்கா. அணைக்காகவும் வீதியில் குந்தினார். அலுவலகம் பணிந்தது. கரையை ஆகாயத்திலிருந்து பார்வையிடச் சிறிய விமானம். மக்கள் சாட்சியாக ஜெமீல்.

சிறந்த யன்னல் எது என்று ஆராய உபகுழு அமைந்து நான்கு மாதம் கூடியது. விமானம் வயல்களுக்கு மேலாகத் தெற்கே போகும், கரை இடப்பக்கம். ஆனால் காலை வெயிலும் இடப்பக்கம், படம் வெளிறும். ஆகவே அதிகாரிகள் ஐவரும் வலப்பக்கம் அமர்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. விமானி சமநிலை பற்றி ஏதோ சொன்னார். அவர் உபகுழு உறுப்பினர் அல்ல.

"கரையப் பாக்கத்தானே போறம் சேர்?" என்றார் ஜெமீல்.

"ஓம் காக்கா. ஆனா அறிக்கையில படம் வடிவா இரிக்கணுமே," என்றார் பணிப்பாளர் துசாந். "இடப்பக்கத்த நீங்க பாருங்க. சாட்சி எதுக்கு?"

ஜெமீல் நெற்றியை யன்னலில் ஒட்டிக்கொண்டார். கண் கூசியது. சாய்ந்தமருதுக்கு முந்திய மருதமுனை தெரியத் தொடங்கியபோது துசாந் கூப்பிட்டார்.

"காக்கா, குளத்துக்க ஆன நிக்கிது. இருவது முப்பது."

"எனக்கு ஆன வேணாம் சேர்."

"குட்டியும் நிக்கிது. ஒரு படம் எடுங்க, மறுகா கரையப் பாக்கலாம்."

ஜெமீல் எழும்பிப் போய்க் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். கை ஆடிவிட்டதால் இன்னொன்று. பிறகு தம் முகமும் யானையும் சேர்ந்து வரும்படி ஒன்று. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பிவந்து பார்த்தால் கீழே விநாயகபுரத்துத் தோணிகள். சாய்ந்தமருதுக் கரை எப்போதோ பின்னால் போயிருந்தது. திரும்பும் வழி மலைப்பக்கம் என்று உபகுழு முன்னமே தீர்மானித்திருந்தது.

இறங்கியதும் படிவம் வந்தது: 'நேரில் கண்ட சேதம்'. அதிகாரிகளைப் பொய்யர் என்று முப்பது வருஷம் ஏசி எழுதிய கை. காணாததைக் கண்டேன் என்று எழுத வரவில்லை. யானை பார்த்தேன் என்று எழுதவும் வரவில்லை. கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கையொப்பமிட்டார்.

யானைப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. முந்நூற்றுப் பதினாறு பேர் இதயம் போட்டார்கள். முதலாவது இதயம் அந்த ஒற்றை அறையிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை, பாடசாலை மண்டபத்தில் ஊரைக் கூட்டி வைத்துத் துசாந் அறிக்கையை வாசித்தார்.

"இடப்பக்க யன்னலில் இருந்தவர் எழுதிய சேதம் ஒரு கோடு. ஆகவே சேதம் இல்லை. அணை தேவையில்லை."

மண்டபம் இரைந்தது.

"ஜெமீல் காக்கா, எழும்பிக் கேளுங்க," என்றான் மீன் வியாபாரி ஜெஸீம்.

ஜெமீல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆயிஷா உம்மாவே எழும்பினார். "இடப்பக்கம் குந்தின மனிசன் ஆரு? கண் இல்லாதவனா? எல்லாருக்கும் கேக்கப் பேர வாசிங்க மகன்."

துசாந் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"மீராலெவ்வை முகம்மது ஜெமீல்."